இருமல் மாத்திரையும் மாற்றுச் சிறுநீரகமும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. காரணம் சோம்பல் இல்லை, கொஞ்சம் குற்ற உணர்ச்சி. அதனால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், அறிவியல் பிறகு.

ஆரம்பத்திலேயே ஒரு விஷயம். நான் மருத்துவர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன். ராத்திரி தூக்கம் வராதபோது ஆய்வுக் கட்டுரைகள் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தன் மாத்திரையைத் தானே கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

என்ன நடந்தது

என் சித்தப்பாவுக்கு 2016-இல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கிட்னி கொடுத்தது சித்தி. மூன்று வருஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கிரியாட்டினின் 1.3-ஐத் தாண்டியதே இல்லை. காலை எட்டு, ராத்திரி எட்டு என்று கடிகாரம் மாதிரி மாத்திரை சாப்பிடுவார். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் கையில் இருக்கும்.

2019 மழைக்காலத்தில் சளி பிடித்து இருமல் விடவில்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனார். அவர், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா, "பிரஷருக்கு ஒண்ணு, அப்புறம் கிட்னிக்கு" என்றிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது சரியான பதில். டாக்டர் ஐந்து நாளைக்கு கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். சித்தப்பா சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் ஒரு மீட்டிங்குக்கு நடுவில் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை.

ஞாயிறு ஆரம்பித்த மாத்திரை. வியாழக்கிழமை காலை காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. தலைவலி வேறு. பிரஷர் பார்த்தால் எப்போதும் இல்லாத உயரம். "வயசாச்சு, இருமி இருமி அசந்து போயிட்டேன்" என்று சொல்லிப் படுத்துவிட்டார். சித்திக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். கிரியாட்டினின் 2.4. டாக்ரோலிமஸ் அளவு 27. வழக்கமாக அவருக்கு 6, 7 என்று இருக்கும்.

சிறுநீரக மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட ஒரே கேள்வி: "புதுசா என்ன மாத்திரை சேர்த்தீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க டாக்டர். வெறும் இருமல் மாத்திரைதான்" என்றார் சித்தி.

இந்தப் பதிவு முழுக்க அந்த "வெறும்" என்ற வார்த்தையைப் பற்றித்தான்.

இவ்வளவு மருந்து எதற்கு?

மனித உடம்புக்குத் தன்னுடையது, தன்னுடையது அல்லாதது என்ற வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடுத்தவர் உறுப்பு உள்ளே வந்தால் அது எவ்வளவு அன்போடு கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் வெள்ளை அணுக்களுக்குக் கவலை இல்லை. கிருமியைத் தாக்குகிற மாதிரியே தாக்கும். 1954-இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. இருவர் உடம்பும் ஒன்றே என்பதால் நிராகரிப்பு வரவில்லை. மற்றவர்களுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு விடை மருந்துக் கூடத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அறுபதுகளில் அசாதயோப்ரின் வந்தது. எண்பதுகளில் சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சையில் கிடைத்தது அது. அமெரிக்காவில் 1983-இல் அனுமதி பெற்றது. அதற்கு அடுத்து டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. பெயரின் முதல் எழுத்தே அந்த ஊரைக் குறிப்பதுதான். இன்று சிறுநீரகம், கல்லீரல், இதயம் என்று எந்த மாற்று செய்துகொண்டவரின் டப்பாவைத் திறந்தாலும் பெரும்பாலும் டாக்ரோலிமஸ் இருக்கும். கூடவே மைக்கோபினோலேட்டும் கொஞ்சம் ஸ்டீராய்டும்.

இந்தியாவில் வேலூர் சிஎம்சியில் 1971-இல் உயிருள்ளவர் தானம் கொடுத்த சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புதானத் திட்டம் 2008-இலிருந்து முறையாக நடக்கிறது. ஆகவே இது எங்கோ அமெரிக்காவில் நாலு பேருடைய பிரச்சினை இல்லை. உங்கள் தெருவிலோ ஆபீஸிலோ மாற்று உறுப்போடு ஒருவர் இருக்கலாம்.

குறுகலான பாலம்

பேரசிட்டமால் மாதிரி ஒரு மருந்தில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய ஆபத்து இல்லை. டாக்ரோலிமஸ் அப்படி அல்ல. காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்க்கிற அளவு, ஒரு மில்லிலிட்டருக்குச் சுமாராக 5-இலிருந்து 10 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். எந்த உறுப்பு, எத்தனை மாதம் ஆனது என்பதைப் பொறுத்து மருத்துவர் இதை மாற்றுவார். கீழே போனால் உடம்பு உறுப்பை நிராகரிக்கத் தொடங்கும். மேலே போனால் மருந்தே விஷமாகும்: கை நடுக்கம், தலைவலி, ரத்தக் கொதிப்பு, பொட்டாசியம் ஏற்றம், சர்க்கரை ஏற்றம், முற்றினால் வலிப்பு. இதில் கொடுமை என்னவென்றால், அளவு கூடினால் முதலில் அடிபடுவது அந்தக் கிட்னியே. யாரைக் காப்பாற்ற மருந்து கொடுக்கிறோமோ அவரையே அடிக்கும்.

இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள வரப்பு மாதிரி. நடக்கலாம், ஆனால் யாரும் இடித்துவிடக் கூடாது. இடிப்பவை பெரும்பாலும் வேறு மருந்துகள்.

குடலில் ஒரு காவல்காரர்

நாம் விழுங்குகிற மருந்து முழுவதும் ரத்தத்துக்குப் போவதில்லை என்பது நான் இதைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. குடலின் சுவரிலும் கல்லீரலிலும் சைப்-3ஏ4 என்று ஒரு நொதி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ரசாயனங்களை உடைத்துப் போடுவது அதன் வேலை. அதற்குத் துணையாகக் குடல் செல்களில் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று ஒரு பம்ப். உள்ளே வந்த பொருளைப் பிடித்துத் திரும்பக் குடலுக்கே தள்ளிவிடும். ஒன்று உடைக்கும், இன்னொன்று விரட்டும்.

டாக்ரோலிமஸ் இந்த இரண்டு பேரிடமும் மாட்டும். சராசரியாக விழுங்கியதில் கால் பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதி முக்கால் பங்கு வழியிலேயே வீணாகிறது. மருத்துவர் கொடுக்கும் டோஸ் இந்த வீணையும் கணக்கில் சேர்த்துத்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். காவல்காரர் வேலை நிறுத்தம் செய்தால் என்ன ஆகும்? நூற்றில் இருபத்தைந்து போன இடத்தில் ஐம்பதோ அறுபதோ போகும். கல்லீரலிலும் உடைபடாததால் போனது சீக்கிரம் வெளியேறவும் செய்யாது. அடுத்த வேளை மாத்திரை அதன் மேல் ஏறும். மாத்திரை டப்பாவில் எதுவும் மாறவில்லை, நோயாளி ஒழுங்காக அதே டோஸைத்தான் சாப்பிடுகிறார். ஆனால் ரத்தத்தில் அளவு மூன்று மடங்கு, நான்கு மடங்கு.

சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான். கிளாரித்ரோமைசின் சைப்-3ஏ4-ஐச் செயலிழக்க வைக்கும். அதுவும் தற்காலிகமாகத் தடுப்பதோடு நிற்காது, நொதியோடு ஒட்டிக்கொண்டு அதையே பாழாக்கிவிடும். மாத்திரையை நிறுத்தினாலும் உடம்பு புது நொதி செய்து முடிக்கச் சில நாள் ஆகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசினுக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. பெயரில் இரண்டும் அண்ணன் தம்பி, நடத்தையில் வேறு வேறு.

எங்கள் தொழிலில் இதற்குப் பரிச்சயமான ஒரு நிலைமை உண்டு. இரண்டு புரோகிராம்கள், தனித்தனியாக டெஸ்ட் செய்தால் இரண்டும் பாஸ். ஒரே சர்வரில் சேர்த்து ஓட்டினால் விழுந்துவிடும். ஏனென்றால் இரண்டும் தமக்குத் தெரியாமலே ஒரே வளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. யாருடைய கோடிலும் பிழை இல்லை, பிழை நடுவில் இருக்கிறது.

கதவை அடைப்பவை

சைப்-3ஏ4-ஐ அடைக்கிற மருந்துகளில் நம் ஊரில் அடிக்கடி எதிர்ப்படுபவை:

பூஞ்சைக்கான மாத்திரைகள்: கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், வோரிகோனசோல், ஃபுளூகோனசோல். படர்தாமரைக்கு இப்போது இட்ராகோனசோல் சர்வ சாதாரணமாக எழுதுகிறார்கள். வாயில் கரைகிற க்ளோட்ரிமசோல் வில்லைகூட டாக்ரோலிமஸை ஏற்றும்.

ஆன்டிபயாட்டிக்குகளில் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின்.

பிரஷர், இதய மருந்துகளில் டில்டியாசெம், வெரபமில்.

வைரஸ் மருந்துகளில் ரிட்டோனவிர். கொரோனா காலத்தில் வந்த பாக்ஸ்லோவிட் மாத்திரையில் ரிட்டோனவிர் சேர்த்திருப்பதே இந்த நொதியை அடைப்பதற்காகத்தான். அடைத்தால்தான் கூட இருக்கும் இன்னொரு மருந்து உடைபடாமல் உடம்பில் தங்கும். மாற்று உறுப்பு உள்ளவர்களுக்கு கொரோனா மிக ஆபத்து, அதனால் அந்த மாத்திரை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்பட்டது அவர்களுக்கு. அதே சமயம் அது பெரிய தொல்லை கொடுத்ததும் அவர்களுக்குத்தான். ஐந்து நாள் பாக்ஸ்லோவிட் கொடுக்கும்போது டாக்ரோலிமஸை நிறுத்தி வைத்து, அளவைப் பார்த்துப் பார்த்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

மருந்து மட்டும் இல்லை, பழமும் உண்டு. கனடாவின் லண்டன் நகரத்தில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதனை செய்துகொண்டிருந்தார். மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் ஜூஸில் கலந்து கொடுத்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. தேடிப் பார்த்தால் காரணம் மது இல்லை, ஜூஸ்! 1989-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பு முழுக்கத் தற்செயல். பழத்தில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் குடல் சுவரிலுள்ள சைப்-3ஏ4-ஐப் பாழாக்குகின்றன. ஒரு டம்ளர் குடித்தால் விளைவு ஒரு நாளைக்கும் மேல் நிற்கும். அதனால் "ஜூஸ் காலையில், மாத்திரை சாயந்திரம்" என்று பிரித்துச் சாப்பிடும் தந்திரம் பலிக்காது.

கிரேப்ஃப்ரூட் நம் ஊரில் யார் சாப்பிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அது பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். அந்தக் குணம் பம்பளிமாஸிடமும் இருக்கிறது. பம்பளிமாஸ் சாப்பிட்ட ஒரு சிறுநீரக மாற்று நோயாளிக்கு டாக்ரோலிமஸ் அளவு ஏறியதை ஜப்பானிய மருத்துவர்கள் 2003-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண வயிற்றுப்போக்கிலும் டாக்ரோலிமஸ் ஏறும். குடல் சுவர் புண்ணாகும்போது அதிலுள்ள நொதியும் பம்பும் குறைந்துவிடுவதால். வயிற்றுப்போக்கு என்றால் மருந்து வெளியே போய்விடும், அளவு குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர் எதிர்.

கதவைத் திறந்து விடுபவை

எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு, அது சத்தமில்லாதது. சில பொருள்கள் உடம்பை அதிக நொதி தயாரிக்கத் தூண்டும். டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் வேகமாக உடைபட்டு, அளவு சரிந்துவிடும். கை நடுங்காது, தலை வலிக்காது. நோயாளி நன்றாகத்தான் இருப்பார். உள்ளே நிராகரிப்பு தொடங்கியிருக்கும்.

2000-ஆம் ஆண்டு லான்செட் இதழில் சூரிச் மருத்துவர்கள் இரண்டு இதய மாற்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நன்றாக இருந்த இருவருக்கும் திடீரென்று நிராகரிப்பு. சைக்ளோஸ்போரின் அளவு சரிந்திருந்தது. விசாரித்தால், இருவரும் மனச்சோர்வுக்காக செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடி, ஐரோப்பாவில் காலங்காலமாக வீட்டு வைத்தியம். அதை நிறுத்தியதும் சைக்ளோஸ்போரின் அளவு பழையபடி வந்தது. "மூலிகைதானே" என்பதும் "வெறும் இருமல் மாத்திரை" என்பதும் ஒரே வாக்கியத்தின் இரண்டு வடிவங்கள்.

நம் நாட்டில் இந்த வரிசையில் முதல் இடம் ரிஃபாம்பிசினுக்கு. காசநோய் மருந்துகளில் முக்கியமானது. நோயெதிர்ப்பை அடக்கி வைத்தவர்களுக்குக் காசநோய் எளிதாக வரும், இந்தியாவில் அது இன்னும் அதிகம். ஆனால் ரிஃபாம்பிசின், சைப்-3ஏ4-ஐ முடுக்கிவிடுவதில் ராஜா. டாக்ரோலிமஸ் டோஸைப் பல மடங்கு ஏற்றினாலும் சில சமயம் அளவு பிடிபடாது. ஸ்டீராய்டின் பலனையும் குறைக்கும். காசநோயைக் கொல்வதா, கிட்னியைக் காப்பதா என்று மருத்துவர் கத்திமேல் நடக்க வேண்டும். அதனால் பல இடங்களில் ரிஃபாம்பிசினைத் தவிர்த்து வேறு மருந்துச் சேர்க்கையையோ, தூண்டும் குணம் குறைந்த ரிஃபாபுட்டினையோ பயன்படுத்துகிறார்கள்.

வலிப்பு மருந்துகளில் ஃபெனிடோயின், கார்பமசெபின், பினோபார்பிடோன் மூன்றும் இதே கட்சி. லெவெடிராசெட்டம் இந்த வம்புக்குப் போவதில்லை.

அடைப்பதற்கும் தூண்டுவதற்கும் கால வேறுபாடு உண்டு. அடைப்பு ஓரிரு நாளில் தெரிந்துவிடும். தூண்டுதலுக்கு உடம்பு புது நொதி தயாரிக்க வேண்டும், அதனால் முழு விளைவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். புது மாத்திரை ஆரம்பித்து மூன்றாம் நாள் லெவல் பார்த்து "நார்மல்" என்று வந்தால், அது நிம்மதிக்கான காரணம் இல்லை.

எதிரியையே வேலைக்கு வைத்த கதை

இந்த விஷயத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இது. சைக்ளோஸ்போரின் விலை ஒரு காலத்தில் தலை சுற்ற வைக்கும். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டி மருத்துவர்கள் வேண்டுமென்றே கீட்டோகோனசோலைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நொதி அடைபட்டதால் சைக்ளோஸ்போரின் தேவை 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மலிவான மாத்திரை ஒன்று, விலையுயர்ந்த மாத்திரையைச் சிக்கனமாக்கியது. எகிப்திலும் இந்தியாவிலும் இந்த உத்தி பரவியது. நம் நாட்டில் கீட்டோகோனசோலோடு டில்டியாசெமையும் இதற்குப் பயன்படுத்தினார்கள். கையிலிருந்து காசு போட்டு மருந்து வாங்குகிற குடும்பங்களுக்கு, கிட்னியை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற கேள்விக்கு விடை இதில் இருந்தது.

ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. மருந்துச் சீட்டைப் பார்க்கிற வேறொரு மருத்துவர், "பூஞ்சைத் தொற்று எதுவும் இல்லையே, இது எதுக்கு?" என்று கீட்டோகோனசோலை நிறுத்தினால்? அல்லது பிரஷர் நன்றாக இருக்கிறது என்று டில்டியாசெமை நிறுத்தினால்? கதவு திறந்துகொள்ளும், குறைந்த டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் மருந்தின் அளவு சரியும், நிராகரிப்பு வரும்.

பழைய கோடில் எதற்கென்று தெரியாத ஒரு வரியைப் பார்த்து, "இது தேவையில்லை" என்று நீக்கிவிட்டு, மறுநாள் எல்லாம் உடைந்து போய்க் கிடப்பதைப் பார்த்த அனுபவம் என் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. புது மருந்து சேர்ப்பது மட்டும் மாற்றம் இல்லை, பழைய மருந்தை நிறுத்துவதும் மாற்றம்தான். கிளாரித்ரோமைசின் கொடுக்கும்போது டாக்ரோலிமஸைக் குறைத்திருந்தால், கோர்ஸ் முடிந்த பிறகு அதைத் திரும்ப ஏற்ற யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கவனம் போவதெல்லாம் ஆரம்பத்தில், ஆபத்து காத்திருப்பது முடிவிலும்.

நொதிக்கு வெளியே

எல்லா மோதலும் சைப்-3ஏ4 வழியாக வருவதில்லை. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அசாதயோப்ரினும் அலோப்யூரினாலும். இரண்டும் ஒரே கூடத்தின் பிள்ளைகள், கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியவை. இருவருக்கும் 1988-இல் நோபல் கிடைத்தது. அசாதயோப்ரின் உடம்பில் 6-மெர்காப்டோப்யூரினாக மாறும். அதை உடைக்கும் நொதிகளில் ஒன்று சாந்தின் ஆக்சிடேஸ். அந்த நொதியை அடைத்து 6-மெர்காப்டோப்யூரினை நீண்ட நேரம் வேலை செய்ய வைக்கலாமே என்றுதான் முதலில் அலோப்யூரினாலைச் சோதித்தார்கள். யூரிக் அமிலமும் குறைவதைக் கண்டு பிறகு அதைக் கீல்வாத மருந்தாக்கினார்கள். அதாவது, இந்த மோதல் அந்த மருந்தின் பிறப்புக் காரணமே! மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு யூரிக் அமிலம் ஏறுவது சகஜம், சைக்ளோஸ்போரினே அதை ஏற்றும். கால் பெருவிரல் வீங்கி வலிக்கிறது என்று போனால் அலோப்யூரினால் எழுதிக் கொடுப்பார்கள். அசாதயோப்ரின் டோஸைக் கடுமையாகக் குறைக்காமல் இரண்டையும் சேர்த்தால் எலும்பு மஜ்ஜை முடங்கி, வெள்ளை அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஃபெபுக்ஸோஸ்டாட்டும் இதே ரகம்.

இரண்டாவது, வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே கிட்னிக்குள் ரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கி வைத்திருக்கும். புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் அதைக் கொஞ்சம் விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். வலி மாத்திரை அந்தப் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்திவிடும். நம் ஊரில் கூடுதல் சிக்கல், பேரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் சேர்த்த கூட்டு மாத்திரைகள். அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் "பேரசிட்டமால்தானே" என்று விழுங்கிவிடுவோம்.

மூன்றாவது, கொலஸ்ட்ரால் மாத்திரை. சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவருக்கு சிம்வாஸ்டாட்டின் கூடாது. சைக்ளோஸ்போரின் அதன் அளவை ஏற்றிவிடும், தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு கிட்னியை அடைக்கும். இங்கே பாதிக்கப்படுவது மாற்று மருந்து இல்லை, கூட வந்த மருந்து. மோதல் எந்தப் பக்கமும் பாயலாம்.

இதோடு, "எதிர்ப்பு சக்தியை ஏற்றும்" என்று விற்கிற கஷாயம், பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மருத்துவர் தினம் இரண்டு வேளை எந்த சக்தியை அடக்கி வைக்கிறாரோ, அதை ஏற்றுகிறேன் என்று சொல்லும் பொருள் அது. சொன்னபடி வேலை செய்தால் ஆபத்து, செய்யாவிட்டால் காசு தண்டம்.

இப்போது என்ன செய்கிறோம்

சித்தப்பாவுக்கு கிளாரித்ரோமைசினை நிறுத்தி, டாக்ரோலிமஸையும் சில வேளை நிறுத்தி வைத்து, தினமும் ரத்தம் பார்த்தார்கள். பத்து நாளில் லெவல் இறங்கியது. கிரியாட்டினின் 1.5-இல் வந்து நின்றது. பழைய 1.3-க்குத் திரும்பவே இல்லை. அந்த 0.2 சின்ன எண்தான். ஆனால் அது சித்தி கொடுத்த கிட்னியிலிருந்து போனது, ஆர்டர் போட்டது நான். சித்தி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலில் என் புத்தி ஒரு ஆப் எழுதலாம் என்றுதான் போனது. இரண்டு வார இறுதிகள் அதில் உட்கார்ந்தேன். பிறகு புரிந்தது, சித்தப்பா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது போனைத் திறந்து ஆப் பார்க்கப் போவதில்லை. கடைசியில் செய்தது ஒரு அட்டை. லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருக்கிறார். முன்பக்கம் பெரிய எழுத்தில்: "எனக்கு மாற்றுச் சிறுநீரகம். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன். புது மருந்து எழுதும் முன் என் சிறுநீரக மருத்துவரிடம் பேசவும்." கீழே அவருடைய எண். பின்பக்கம் எல்லா மாத்திரைகளின் பெயரும் டோஸும்.

வீட்டில் ஐந்து விதிகள்:

1. "கிட்னிக்கு ஒரு மாத்திரை" என்று சொல்லக் கூடாது. பெயரைச் சொல்ல வேண்டும், இல்லை அட்டையைக் காட்ட வேண்டும்.

2. எது புதிதாக உள்ளே போனாலும் முதலில் மாற்று மருத்துவக் குழுவுக்கு ஒரு போன். பல் டாக்டர், தோல் டாக்டர், கண் டாக்டர் யார் எழுதினாலும் சரி. கஷாயம், சத்து மாத்திரை, பம்பளிமாஸ் உட்பட.

3. எதை நிறுத்தினாலும் அதே போன்.

4. வயிற்றுப்போக்கு இரண்டு நாளைத் தாண்டினால், கை நடுங்கினால், சிறுநீர் குறைந்தால் காத்திருக்கக் கூடாது.

5. மாத்திரையின் கம்பெனியையோ, ஒரு வேளை - இரண்டு வேளை வகையையோ கடைக்காரர் சொல்லி மாற்றக் கூடாது. மாற்றினால் லெவல் பார்க்க வேண்டும்.

போன மாதம் சித்தப்பாவுக்குப் பல் வலி. பல் டாக்டர் மருந்து எழுத ஆரம்பித்ததும் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார். அவர் படித்துப் பார்த்து, எழுதிக்கொண்டிருந்த வலி மாத்திரையை அடித்துவிட்டு, அந்த எண்ணுக்கு போன் போட்டாராம். சித்தப்பா எனக்கும் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இந்தத் தடவை மீட்டிங்கை விட்டு எழுந்து வந்து, ஒவ்வொரு பெயரையும் படித்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன்.

உங்கள் வீட்டில் மாற்று உறுப்போடு யாராவது இருந்தால், இன்று சாயந்திரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டப்பாவிலுள்ள பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். கால் மணி நேரம்தான் ஆகும்.